செல்லி மூடிய தொம்பை

செல்லியைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அவள் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "இன்னா இருந்து இன்னா, பெத்த பொண்ண வுட்டுட்டு வந்தவதானே." பக்கத்தில் இருந்தவள் உச்சுக் கொட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால், செல்லி பெற்ற திரௌபதி நிற்கிறாள். பதினாறு வயதுக் குமரி. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஆமா, வுட்டுட்டுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

அங்கேயே எழுந்து நின்று நான் கத்தியிருக்க வேண்டும். ஊரே என்னை வாயாடி என்கிறது. சந்தையில் படியைக் குறைத்து அளந்த வியாபாரியைக் கடையை விட்டே எழுந்து ஓட வைத்த வாய் இது. அன்றைக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. செல்லி ஏன் தன் பெண் இல்லாமல் பத்து வருஷம் அண்ணன் வீட்டில் கிடந்து செத்தாள் என்று சொல்லப் போனால், அதில் பாதி என்னால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது சொல்கிறேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டட்டும்.

நானும் செல்லியும் ஓரகத்திகள். அவள் மூத்தவன் மாதையனின் பெண்டாட்டி. நான் இளையவன் கோபால்சாமிக்கு வாழ்க்கைப்பட்ட சாந்தம்மாள். மலைமேல், நெல்லிவாசல் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், பஸ் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் வருகிற பன்னிரண்டு வீட்டு ஊர். அண்ணன் தம்பிக்கு நாலு ஏக்கர் சரிவு நிலம் பொது, அடுப்பு பொது, தொம்பையும் பொது. தொம்பை என்றால் மூங்கிலைப் பின்னி, உள்ளும் புறமும் சாணியும் மண்ணும் பூசி, ஆள் உயரத்துக்கு நிறுத்திய தானியக் கூடு. எங்களுக்கு இரண்டு இருந்தது. இரண்டிலும் சாமை.

செல்லி வந்த பிறகுதான் இந்த வீட்டில் ஆடி மாசத்திலும் சோறு வெந்தது என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனால் பொய் இல்லை. சாமையை அறுத்து அடித்துப் பாறையில் காயப்போட்டால், நாங்கள் எல்லாரும் மூன்று வெயில் கணக்கு வைத்திருப்போம். அவளுக்குக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். டக்கென்று உடைய வேண்டும். மசிந்து நசுங்கினால் இன்னொரு வெயில். நாங்கள் இடுப்பு ஒடிந்து கிடந்தாலும் விடமாட்டாள். "யக்கா, போதும்க்கா, நாளைக்கும் வாரிக் கொட்டணுமா?" என்று கெஞ்சினால், "ஆடியில நீ கெஞ்சினா தொம்ப கேக்குமா?" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

மொச்சையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைப்பாள். மண் ஏறின மொச்சையை வண்டு தொடாது. புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவித் தூவி, பானைக்குள் முட்டியால் குத்தி அடைப்பாள். அடுத்த புளி வரும்வரை அது கறுக்குமே தவிரக் கெட்டதில்லை. பலாக்கொட்டை மண்ணுக்குள் போகும். பரங்கிக்காய் அடுப்புப் புகைக்கு மேலே உறியில் தொங்கும். சாமைக்கு அடியிலும் நடுவிலும் மேலேயும் நொச்சித்தழை. எல்லாம் முடிந்து, தொம்பை வாயைப் பலகையால் மூடி, சாணியும் சாம்பலும் களிமண்ணும் பிசைந்து பூசி, ஈரம் இருக்கும்போதே அதன்மேல் தன் வலது உள்ளங்கையை அழுத்தி வைப்பாள். பானைகளுக்கும் இதே மூடல்தான்.

அந்தக் கை வைப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய விஷயம். மற்ற ஊர்களில் எப்படியோ, எனக்குத் தெரியாது. எங்கள் பன்னிரண்டு வீட்டில் மூடின கைதான் திறக்க வேண்டும். வேறு கை உடைத்தால் அந்த வீட்டு அடுப்பு அணைந்து போகும், மூடினவள் கையும் விளங்காமல் போகும். இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. குடிகாரப் புருஷன்களுக்குப் பயந்து எவளோ ஒரு கெட்டிக்காரிதான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று நான் இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. எல்லாரையும் போல நானும் பயந்தேன்.

கல்யாணமான முதல் வருஷம், நான் என்ன இளைத்தவளா என்று ஒரு பானை மொச்சையை நானே மூடினேன். இரண்டாவது வெயில் காட்டாமல் சோம்பல் பட்டுவிட்டேன். பங்குனியில் திறந்தால் பானை முழுக்கப் புழு. வீடே சிரித்தது. மாதையன் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "எந்தம்பி பொண்டாட்டி மொச்ச வெக்கல, கறி வெச்சிக்கிறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து நான் புழுப் பிடித்த கைக்காரி. செல்லி மட்டும் சிரிக்கவில்லை. புழுவைப் புடைத்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தை வறுத்துத் துவையல் அரைத்தாள். அவள் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் கோபம். அந்த வயசு அப்படி.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் பங்குனியில் மாதையனுக்கு ரேடியோ ஆசை வந்தது. காவலூரில் யாரோ தோளில் மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வந்தான். ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வருகிற ஒரு கீழ்நாட்டு வியாபாரி, இரண்டு மூட்டைச் சாமை கொடுத்தால் ரேடியோ தருகிறேன் என்றிருக்கிறான். மாதையன் வந்து, "தொம்பையத் தொற" என்றான்.

"ஆடிக்கு இன்னா துன்றது?" என்றாள் செல்லி.

"அத்த அப்ப பாத்துக்கலாம். தொறடின்னா!"

"வெத சாமையும் அதுலதான் கீது. ரேடியோ பாடினா வெதை மொளைக்குமா?"

உலக்கை எடுத்து அடித்தான். தலைக்கு வந்ததை அவள் கையால் தடுத்தாள். வலது மணிக்கட்டு. நானும் என் புருஷனும் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கை தொங்கிவிட்டது. அந்த நிலையிலும் அவள் தொம்பைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் அவள் அண்ணன் வேடியப்பன் வந்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தங்கச்சியை இட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு மலை தாண்டி அவன் ஊர்.

ஊர் கூடிற்று. ஊர்க் கவுண்டர் சடையன் இரண்டு பக்கமும் கேட்டார். அடித்தது தப்பு, அவள் தாய்வீட்டில் இருக்கலாம் என்றார். பெண் குழந்தை மட்டும் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும். ஆறு வயது திரௌபதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அம்மா போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் நியாயம் சொல்லி முடித்து எழுந்து போனார்கள். இரண்டு தொம்பையையும் ஒன்பது பானையையும் மூடின கை ஊரை விட்டுப் போய்விட்டதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வெளியே இருந்த கேழ்வரகு வைகாசியோடு தீர்ந்தது. ஆனியில் பலாப்பழம், முருங்கைக்கீரை, பிறகு காட்டு வள்ளிக்கிழங்கு. மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்தாலும் அந்தக் கிழங்கு தொண்டையைப் பிறாண்டும். குழந்தைகள் சாப்பிடும்போதே அழும். வீட்டுக்குள்ளே இரண்டு தொம்பை நிறையச் சாமை நிற்கிறது. நாங்கள் அதை உரசிக்கொண்டு போய் வருகிறோம். மாதையன் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து கோடாலியை ஓங்கினான். ஓங்கினவன் அப்படியே நின்றான், வேர்த்தது, கோடாலியை வாசலில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். பெண்டாட்டி கையை உடைத்தவனுக்கு நாலு விரல்கடை மண்ணை உடைக்கத் துணிச்சல் இல்லை. தூ!

ஆடி பிறந்தது, மழையும் விழுந்தது. மற்றவர்கள் உழுது விதைக்கிறார்கள். எங்கள் விதை உள்ளே. கடன் கேட்டால், "நெறஞ்ச தொம்ப வெச்சிக்கினு வெளிய கையேந்துனா எங்க வூட்டுக்கும் ஆவாதும்மா" என்று கதவைச் சாத்தினார்கள். அப்புறம்தான் என் புருஷன் வேடியப்பன் ஊருக்குப் போனான். செல்லி ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினாள்: "பொண்ணக் குடுத்தா வர்றேன்." மாதையன் காறித் துப்பினான். ஐந்து நாள் கழித்து அவனே என்னிடம் வந்து, "நீ போய்ப் பேசு, பொம்பளைக்குப் பொம்பளை" என்றான்.

போனேன். அவள் கட்டு அவிழ்த்திருந்தாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இடது கையால் முறத்தைப் பிடித்துப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்த இன்னா துன்னுது, சாந்தா?"

"வள்ளிக்கெழங்கு. தொண்ட அரிக்குதுன்னு அழுவுது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது, துடைக்கவும் இல்லை.

"பாவம்க்கா, வந்து தொறந்து வுடுக்கா. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

"தொறந்துட்டா அப்புறம் எங்கிட்ட யாரு பேசுவாங்க?" என்றாள். "எங்கையில வேற இன்னா கீது, நீயே சொல்லு. என் பொண்ணு எங்கூட வரணும். அவ்ளோதான். கவுண்டரு வாயால சொல்லச் சொல்லு, விடியறதுக்குள்ள வந்து நிக்கிறேன்."

கவுண்டர் சொன்னார். ஊர் முன்னால், மாதையனையும் தலையாட்ட வைத்துச் சொன்னார்: செல்லி வந்து எல்லாவற்றையும் திறக்க வேண்டும், திறந்தபின் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான்தான் திரௌபதிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினேன். இரண்டு பாவாடையை மூட்டை கட்டிக் கொடுத்தேன். அது மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் குதித்துக்கொண்டே இருந்தது.

செல்லி அண்ணனோடு காலையிலேயே வந்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், இறக்கவே இல்லை. அப்படியே தொம்பையிடம் போய்த் தண்ணீர் தெளித்து, தன் கை அச்சு மேல் கையை வைத்து, மண்ணைப் பெயர்த்தாள். கோணல் கை அந்த அச்சில் சரியாக உட்காரவில்லை. பலகையை எடுத்ததும் நொச்சி வாசனை வந்தது பாருங்கள், என் பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. ஒரு மணியை எடுத்துத் திரௌபதி வாயில் போட்டாள். "கடி" என்றாள். டக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

மற்றத் தொம்பையையும் பானைகளையும் திறந்து, விதைக்கு அளந்தாள், சாப்பாட்டுக்கு அளந்தாள். இடது கையால் உலக்கை பிடித்துக் குத்தினாள். நான் இன்னொரு உலக்கையோடு எதிரே நின்றேன். மொச்சையை மண் போகக் கழுவி, வறுத்து, வேகவிட்டு, புதுப் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். மூன்று மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் குழம்பு கொதித்தது. மாதையன்கூட மூன்று வட்டில் சோறு தின்றான். திரௌபதி அம்மா மடியில் உட்கார்ந்து தின்றது. எனக்கும் அன்றைக்கு அவள்மேல் எந்தப் பொறாமையும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தொம்பையைத் திறந்த அன்றைக்கே மிச்சத்தை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ஆடிக் காற்றின் ஈரம் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். செல்லி மிச்சத்தை ஒரே தொம்பையில் சேர்த்துப் புதுத்தழை போட்டாள், பலகை வைத்தாள், மண் பிசைந்து பூசினாள். கையைக் கழுவிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"கை வெய்யி" என்றார் கவுண்டர்.

"நான் வெக்க மாட்டேன். இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். வூட்டுல கீற பொம்பளைய வெக்கச் சொல்லுங்க."

அந்த ஒரு வீம்பு. அவள் வைத்திருந்தால் அடுத்த தடவை வந்து திறந்துவிட்டுப் போயிருக்கலாம், பெண்ணும் அவளோடு இருந்திருக்கும். ஆனால் உலக்கையால் அடி வாங்கினவள் அவள், எப்படி வைப்பாள்?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாதையன் சிரித்தான். "இவளா? இவ வெச்சா சாமையும் கறியாப் பூடும்" என்றான். என் புருஷனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. பத்துப் பேர் முன்னால், வயிறு நிறையத் தின்றுவிட்டு என்னைச் சிரிக்கிறான்கள்.

"ஆமாய்யா, எங்கை புழுப் புடிச்ச கைதான்!" என்று கத்தினேன். "ராசிக் கைதான் வேணும்னா அந்தம்மா பெத்ததுதான் நிக்குதே, அது கைய வெச்சிக்கோங்களேன்!"

குத்திக்காட்டத்தான் சொன்னேன். வேறு ஒன்றுமில்லை. என் வாயில் புற்று வர. சொல்லி முடிப்பதற்குள் மாதையன் முகம் மாறியது. ஒரே எட்டு. மூட்டையோடு நின்ற பெண்ணைத் தூக்கினான், அதன் வலது கையைப் பிடித்து ஈர மண்ணில் அழுத்திவிட்டான்.

செல்லி பாய்ந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. சின்னஞ்சிறு கை, ஐந்து விரலும் தெளிவாக மண்ணில் பதிந்திருந்தது.

"கவுண்டரே!" என்று அலறினாள் செல்லி. "நீங்க சொன்னீங்க! பொண்ண இட்டுக்கினு போன்னு சொன்னீங்க!"

கவுண்டர் தலையைச் சொறிந்தார். "சொன்னேன்தான். இப்ப கை வெச்சாச்சேம்மா. மூடின கை ஊர வுட்டுப் போயி இந்த வூடு பட்டது போதாதா? இன்னொரு தடவ நான் வுட முடியுமா?"

"தையில தொறந்ததும் அனுப்புவீங்களா?"

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திறந்த அன்றைக்கே திரும்ப மூட வேண்டும், மூட ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு விடுதலை ஏது? பத்து வருஷமாக அந்தப் பெண்தான் எங்கள் வீட்டில் மூடுகிறது, திறக்கிறது.

"அழிச்சிடுறேன். ஈரம் காயறதுக்குள்ள அழிச்சிட்டு நானே வெக்கிறேன். எத்தினி தடவ வேணா வந்து தொறக்கிறேன், உங்க கால்ல வுழுறேன்" என்று செல்லி தொம்பையிடம் ஓடினாள். கோணல் கையைத் தூக்கிவிட்டாள்.

"வெச்ச கை மேல வேற கையா? புள்ள கை வெளங்காமப் பூடும்டி, பெத்தவளே பண்ணிடாத" என்றார் கவுண்டர்.

தூக்கின கை அப்படியே நின்றது. ஒரு விரல் தேய்த்தால் போதும். களிமண்தானே, வெறும் களிமண். அவளால் முடியவில்லை. அவள் அதை நம்பினாள். நானும் நம்பினேன். நம்பவில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் ஓடிப்போய் மாதையன் காலில் விழுந்தேன், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். அவன் காலை உதறினான்.

திரௌபதிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பெரியவர்கள் மட்டும் செய்கிற வேலையை அதைச் செய்ய வைத்திருக்கிறார்கள். அதன் முகம் முழுக்கப் பெருமை. மண் கையோடு அம்மாவிடம் போய், "எம்மா, நல்லா வெச்சனா?" என்றது.

செல்லி உட்கார்ந்தாள். அதன் கையை எடுத்து முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "நல்லா வெச்ச, கண்ணு" என்றாள்.

"அப்ப போலாமா?" என்று அது மூட்டையைத் தூக்கிக்கொண்டது.

வேடியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். செல்லி மூட்டையை வாங்கி என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சித்திகிட்ட இரு. அம்மா போய்ட்டு வர்றேன்" என்றாள்.

வருகிறேன் என்றுதான் சொன்னாள். வந்தாள். தையில் வந்தாள், மறு ஆடியில் வந்தாள், அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்து ஊர் எல்லையில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் மாதையன் அவளை விரட்டினான். அம்மா வந்தது தெரியாதபடி நான் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.